கோழியைச் சாக்கிட்டு

அந்த இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுக்கூடத்தில் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. பின்பக்கம் மூங்கில் தப்பைகளை நெருக்கமாக நட்டு வேலி போட்டார்கள். வேலி கொஞ்ச தூரம் போய் மரங்களுக்குள் நுழைந்ததும் சோர்ந்துபோய் நின்றுவிடும். அதற்கப்பால் யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்காத மரக்கூட்டம்தான். உச்சியில் கிளையும் கிளையும் பின்னிக்கொண்டு நிற்பதால் நடுப்பகலில்கூடத் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். வெளித்தெருவில் பிள்ளைகள் வெளிச்சத்தில் பந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே கோழி அடைகிற நேரம் வந்துவிடும்.

அண்ணன் முதலில் போனார். சில வருஷம் கழித்துத் தம்பியும் போனார். மிச்சம் ஓரகத்திகள் இருவர். தெருவுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். பெரியவள் கண் நன்றாக இருந்த வரைக்கும் தையல் மெஷின் மிதித்தவள். சின்னவள் மர அறுவை மில்லில் பலகை அடுக்கியவள். முட்டி தேய்ந்து வீட்டோடு நின்ற பிறகு கோழிதான் அவளுக்கு உத்தியோகம்.

மர நிழலில் கோழி வளர்ப்பது வெட்டவெளியில் வளர்ப்பதுபோல இல்லை. ஒரு வசதி, பருந்தின் கண்ணுக்குக் கோழி தட்டுப்படாது. குஞ்சுகள் தாயை விட்டுத் தள்ளி மேய்ந்தாலும் வயிற்றில் புளி கரையாது. உதிர்ந்த இலையைக் கிளறினால் கரையானும் மண்புழுவும் தாராளம். தீவனம் பாதி மிச்சம். ஆனால் மண் காயாது. கோழிக்குப் புரண்டு குளிக்கக் காய்ந்த மண் வேண்டும், இல்லாவிட்டால் இறகுக்குள் பேன் பற்றிக்கொள்ளும். அதற்காகச் சின்னவள் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டி, அதன் அடியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வைத்திருந்தாள். கூண்டைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கால் கொடுத்து நிறுத்தி, உள்ளே பழைய மில்லிலிருந்து சுமந்து வந்த மரத்தூளைப் பரப்பியிருந்தாள். மழைக்காலத்தில் தூளை மாற்றச் சோம்பல் பட்டால் போச்சு, கோழிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். வெளிச்சம் குறைவு என்பதால் முட்டையும் குறைவு. இடுகிற நாலு முட்டையையும் ஒழுங்காகக் கூண்டில் இடாமல் புதருக்குள் ஒளித்து வைக்கும். அவற்றைத் தேடிக் குனிந்து நிமிர்வதிலேயே சின்னவளுக்குப் பாதிக் காலை கழிந்துவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவளிடமும் கோழிகள் இருந்தன. மரக்கூட்டத்துக்குள் வேலி இல்லாததால் இரண்டு வீட்டுக் கோழிகளும் அங்கே கலந்து மேயும், இருட்டத் தொடங்கியதும் அவரவர் வீட்டுக்குப் பிரிந்து போகும். ஆனால் வீட்டுக்காரிகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால் நேருக்கு நேர் கிடையாது. மற்றபடி பொழுது விடிந்ததிலிருந்து இருவருக்கும் வாய் ஓயாது. எல்லாம் கோழியைச் சாக்கிட்டுத்தான்.

"ஏண்டி கறுப்பி, உனக்குன்னு ஒரு வீடு இல்ல? அடுத்தவங்க வாசல்லயே போய் நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று பெரியவள் குரல் கொடுத்தால், அவளுடைய கோழியான கறுப்பி காலடியிலேயே சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். சின்னவளின் கோழி ஒன்று பெரியவளின் வாசலில் போய் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். சின்னவள் விடுவாளா? தன் சாம்பல் நிறக் கோழியைக் கூப்பிடுவாள்.

"சாம்பலு, போன எடத்துல ஒரு பிடி நொய்யாவது போட்டாங்களா உனக்கு? போட்டிருக்க மாட்டாங்க. கை வரணுமே."

ஆரம்பத்தில் இது வெறும் சண்டையாக இருந்தது. வருஷம் போகப் போகச் சண்டையின் காரம் குறைந்து, சேதி கலந்துகொண்டது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராதாம், இன்றைக்கே குடித்துக்கொள் என்று பெரியவள் கறுப்பியிடம் சொல்வாள். சின்னவள் உடனே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுவாள். கீரி மறுபடியும் நடமாடுகிறது, கதவைச் சரியாகச் சாத்து என்று சின்னவள் சாம்பலிடம் சொல்வாள். மறு நிமிஷம் வேலிக்கு அந்தப் பக்கம் கூண்டின் தாழ் விழுகிற சத்தம் கேட்கும். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் செத்தார், எந்தக் கடையில் அரிசி நன்றாக இருக்கிறது, எல்லாம் கோழிகளுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் வீட்டுக் கோழிகள் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி என் வீட்டில் பெண்டாட்டிகூடக் கேட்பதில்லை என்று மளிகைக்கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். சின்னவளும் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு நாளில் அவள் காதில் விழுகிற மனிதப் பேச்சு அநேகமாகப் பெரியவள் கோழியிடம் பேசுவது மட்டும்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பேச்சு நின்றுபோனதற்கும் கோழிதான் காரணம். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியவளுக்கு ஒரே மகன். அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் வருவான், சாப்பிட்டு, அங்கேயே சுருண்டு தூங்கிவிடுவான். அவன் வளர்ந்து லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்கு நகரத்துக்குப் போன பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், சின்னவள் ஆசையாக அடைவைத்துப் பொரித்த குஞ்சுகள் ஈரம் தாங்காமல் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கடைசிக் குஞ்சு மடியிலேயே விறைத்துப்போக, அதை வைத்துக்கொண்டு அவள் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த பெரியவள், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"சில பேரு கைக்கு வளர்க்கிற ராசி கெடையாது. எதுவும் தங்காது."

காய்கறிக்காரி வேலி இடுக்கு வழியாகச் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. எதுவும் என்ற ஒரு சொல்லைச் சின்னவள் அன்று முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். அப்போது உயிரோடு இருந்த அவள் கணவர், அண்ணிக்கு வாய் அப்படித்தான், விடு என்றார். அவள் விடவில்லை. அதற்குப் பிறகு அவரே இல்லாமல் போனார். பெரியவள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள், ஆக வேண்டியதையெல்லாம் ஓடியாடிச் செய்தாள். அப்போதும் சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

*

அவர் போய்ச் சில வருஷம் கழித்து, ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மரத்தடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. ஒருநாள் காலையில் சின்னவள் கூண்டைத் திறந்துவிட்டு, நொய்யும் தவிடும் பிசைந்து வைத்து, தூளையும் மாற்றி முடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் இன்னும் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"பாரு சாம்பலு, சில பேருக்கு விடிஞ்சதே தெரியல. வாயில்லா ஜீவன அடைச்சு வெச்சிட்டு இழுத்துப் போத்திக்கிட்டு தூக்கம்."

பதில் வரவில்லை. சின்னவள் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். இன்னும் காரமாக ஒன்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் பதில் இல்லை. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும், கூண்டுக்குள் இறக்கை அடிக்கிற சத்தமும்தான். வேலியைச் சுற்றிக்கொண்டு மரங்களுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனாள். பாகம் பிரித்த பிறகு பண்டிகை, சாவு என்று முன்வாசல் வழியாகப் போயிருக்கிறாள். பின்பக்கமாகப் போனது அதுதான் முதல் தடவை.

கூண்டுக்கு நாலடி தள்ளிப் பெரியவள் பாசியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் ஒழுங்கில்லாமல் திரும்பியிருந்தது. புடவை முழுக்கச் சேறு. முகம் வெளுத்திருந்தாலும் நினைவு இருந்தது. சின்னவளைப் பார்த்ததும் அவள் கண் நகர்ந்தது, பின்னாலேயே வந்திருந்த சாம்பல் மேல் போய் நின்றது.

"சாம்பலு," என்றாள் பெரியவள், பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதல்ல அந்தக் கூண்டத் தொறந்து விடச் சொல்லு."

சின்னவள் கூண்டைத் திறந்துவிட்டாள். பிறகு முன்வாசலுக்கு ஓடி, தெருவில் ஆட்டோக்காரனையும் மளிகைக்கடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பழைய கதவுப் பலகையில் படுக்க வைத்துத்தான் தூக்க முடிந்தது. ஆட்டோவில் பெரியவளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு போனபோதும் இருவரும் ஆட்டோக்காரனிடம்தான் பேசினார்கள். குழி பார்த்துப் போப்பா, வலிக்கும் என்றாள் சின்னவள். பரவாயில்ல தம்பி, வலியெல்லாம் பழகிடுச்சு என்றாள் பெரியவள். ஆட்டோக்காரனுக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கோழி இல்லை. கோழியின் இடத்துக்கு ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். அவங்களுக்குச் சூடாகக் குடித்தால் ஒத்துக்காது நர்ஸம்மா, ஆற வைத்துக் கொடுங்க என்று சின்னவள் கட்டிலின் ஒரு பக்கத்தில் நின்று சொல்வாள். இங்கேயே உட்கார்ந்திருந்தா கோழியை யார் பார்க்கிறது, போகச் சொல்லு நர்ஸம்மா என்று பெரியவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சொல்வாள். நர்ஸ் சின்ன வயதுக்காரி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் என்ன பாஷை பேசறீங்க, எனக்குப் புரியலையே என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

இடுப்பெலும்பில் தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகன் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தான். சின்னவள் தன் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து சுவரோரம் வைப்பாள். பெரியவள் குடித்த கிண்ணத்தை அதே இடத்தில் வைப்பாள். உப்பு குறைவு என்றால் மகனிடம் சொல்வாள். மறுநாள் உப்பு சரியாக இருக்கும்.

இரண்டு வீட்டுக் கோழிகளையும் பார்ப்பது சின்னவளுக்கு முதுகை ஒடித்தது. பெரியவளின் கூண்டு தாழ்வாகத் தரையோடு இருந்ததால் உள்ளே தண்ணீர் கசிந்தது. இரண்டு கோழிகளுக்குக் கண் நீர் வடிய ஆரம்பித்துவிட்டது. கீரி ஒரு சேவலின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஓட ஓட இரண்டு இடத்தையும் காக்க முடியாது என்று தெரிந்து, ஒருநாள் கோழி அடைகிற நேரத்தில் பெரியவளின் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தன் கூண்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். விடிந்ததும் ரணகளம். கொண்டையில் கொத்து, இறகைப் பிடுங்கு, தீவனத் தட்டிலிருந்து துரத்து. கறுப்பி மட்டும் யாரோடும் மோதாமல் ஒதுங்கி, பெரியவள் வீட்டுப் பக்கம் பார்த்து நின்றது. ஒரு வாரம் போனது. அப்புறம் யார் முதலில் தின்பது, யார் எந்தக் கட்டையில் உட்காருவது என்று அவை தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு சண்டை இல்லை. சின்னவள் சாம்பலைத் தள்ளி உட்காரச் சொல்லிக் கறுப்பிக்கு இடம் கொடுத்ததை நினைத்துத் தானே கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

லீவு முடியப்போகிற சமயத்தில் மகன் சித்தியின் வாசலில் வந்து உட்கார்ந்தான். தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விரலில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாவ என்கூடக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன் சித்தி."

சின்னவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சரி என்றாள்.

"அவங்களுக்குப் போக இஷ்டமில்ல. வாயால சொல்லமாட்டாங்க, மூஞ்சியப் பார்த்தாத் தெரியுது. நீங்க பார்த்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கயே விட்டுட்டு நிம்மதியாப் போறேன். மாசாமாசம் வந்து பார்த்துக்கறேன்."

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பெரியவள் விழித்திருக்கிறாள், எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. கேட்கட்டும் என்று இருந்தது. அவள் வாயாலேயே ஒரு தடவை கேட்கட்டும். கோழியிடம் இல்லை, நர்ஸிடம் இல்லை, மகனிடம் இல்லை. என்னைப் பார்த்து, சின்னவளே நான் இங்கே இருக்கட்டுமா என்று கேட்டால் போதும். சின்னவள் கையில் இருந்த அரிசியை முறத்தில் போடாமல் காத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு பெரியவளின் குரல் வந்தது. அவள் கட்டிலடியில் கறுப்பி எப்போதோ நுழைந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கறுப்பி, யாருக்கும் பாரமா இருக்கறது எனக்குப் புடிக்காது. கோழி பார்க்கத் தெரிஞ்சவங்க கோழியப் பார்த்துக்கிட்டாப் போதும்."

அதில் இருந்தது ஒப்படைப்பா, குத்தலா என்று அப்போது சின்னவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காதில் விழுந்தது பழைய குரல். காய்கறிக்காரியின் அந்தப் பார்வை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அது உங்கம்மா இஷ்டம்டா," என்றாள் மகனிடம். "நான் யாரு இதுல."

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வாசலில் கார் வந்து நின்றது. பெரியவளைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். கார் கிளம்பியபோது அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வீட்டையும் தாண்டி மரங்களையே பார்த்துக்கொண்டு போனாள். சின்னவள் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கோழிக்காவது ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று கார் திருப்பத்தில் மறைந்த பிறகு தோன்றியது.

*

மழை நின்று பனி இறங்கத் தொடங்கியது. மரக்கூட்டத்துக்குள் பகல் இன்னும் சுருங்கிப்போயிற்று. காலையில் கூண்டைத் திறந்து, தூள் மாற்றி, தீவனம் வைத்து, முட்டை தேடி முடித்த பிறகு சின்னவளுக்கு என்ன செய்வது என்று தெரியாது. பழக்க தோஷத்தில் ஒருநாள் சாம்பலைப் பிடித்து அதட்டினாள். வேலியைத் தாண்டிப் போன குரல் காலி வீட்டின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ பைத்தியக்காரி கத்துகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் கோழிகளோடு மெதுவாகத்தான் பேசினாள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. கையைத் தட்டினால் அவை வந்தன, அரிசியை இறைத்தால் தின்றன, பேச்சு எதற்கு?

சேதிகளும் நின்றுபோயின. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் காலியாக இருந்தது. தெருக்கோடியில் இருந்த தச்சர் செத்துப்போனது அவளுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஏன் வரவில்லை என்று தச்சர் மனைவி கேட்டபோது, எனக்கு யாரு சொல்றது என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

கறுப்பி அடைக்கு உட்கார்ந்தது. பனியில் குஞ்சு பொரிப்பது வேண்டாத வேலை என்று தெரிந்தும் சின்னவள் அதை எழுப்பி விரட்டவில்லை. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு, முட்டைகளோடு அதைக் கொண்டுவந்து வைத்தாள். பொரித்த குஞ்சுகளைத் தரையில் இறக்கவே இல்லை. காலையில் அடுப்புச் சூட்டில், மத்தியானம் மரத்தடியில் வெயில் பொட்டு விழுகிற இடமாகப் பார்த்துக் கூடையைத் தள்ளித் தள்ளி வைத்துக் காபந்து பண்ணினாள். ஒன்றுகூடச் சாகவில்லை. இறகு முளைத்து அவை தாயின் பின்னால் இலைகளைக் கிளறப் பழகிய அன்று, சின்னவள் வேலியோரம் போய் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த வாரம் மகன் போனில் பேசினான். அம்மாவுக்குக் காயம் ஆறிவிட்டது, கோல் ஊன்றிக் கழிப்பறை வரை நடக்கிறார்கள் என்றான். சாப்பாடுதான் சரியில்லை. அவனிடமும் பேசுவதில்லை, மருமகளிடமும் பேசுவதில்லை.

"பால்கனியில வந்து உக்கார்ற புறாவைத்தான் காலையிலேருந்து திட்டிக்கிட்டு இருக்காங்க சித்தி. திட்டிட்டு, யாரோ பதில் சொல்லப்போற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருக்காங்க. அப்புறம் மறுபடியும் திட்டறாங்க."

சின்னவள் போனை வைத்த பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் விடிந்ததும் தீவனத்தை அதிகமாகவே வைத்துவிட்டு, அந்தியில் கூண்டைச் சாத்தும்படி மளிகைக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, முட்டைகளை மரத்தூளில் புதைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

மகன் வீடு நாலாவது மாடியில் இருந்தது. மருமகள் கதவைத் திறந்து, சந்தோஷமாகத்தான், உள்ளே கூட்டிப்போனாள். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் முழு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கிளையை வெட்டினால்தான் என்ன, கொஞ்சம் வெயில் வரட்டுமே என்று கறுப்பியிடம் சடைத்துக்கொண்டவள் இப்போது புடவைத் தலைப்பை இழுத்துத் தலைக்கு மறைவு கட்டிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கம்பியில் ஒரு புறா.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்வையைப் புறாவிடம் கொண்டுபோனாள்.

"யாரோ வந்திருக்காங்க பாரு," என்றாள் அதனிடம்.

சின்னவள் தூக்கைக் கீழே வைத்தாள். நாற்காலிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். முட்டி சொடுக்கியது.

"அக்கா, புறாவ விடுங்க. நான்தான் வந்திருக்கேன்."

பெரியவளின் வாய் கோணிக்கொண்டு வந்தது. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புறா பறந்துபோயிற்று.

"கறுப்பி எப்படி இருக்கு?" என்றாள் கடைசியில்.

அடைக்கு உட்கார்ந்ததையும், அடுப்படியில் பெட்டி வைத்ததையும், எல்லாக் குஞ்சும் பிழைத்ததையும் சின்னவள் சொன்னாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கீரி கடித்த சேவல், தச்சர் செத்தது, குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்தது. பெரியவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பனியில் பொரித்த குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள்.

"அன்னைக்குக் காய்கறிக்காரிகிட்ட சொன்னீங்களே, வளர்க்கிற ராசி இல்லன்னு. அது என்னைத்தானே?"

இப்படிக் கேட்கப்போகிறோம் என்று சின்னவளுக்கே தெரியாது. இல்லை என்று சொல்லிவிடுவாள், அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"உன்னைத்தான்," என்றாள் பெரியவள். "வேற யார?"

சமையலறையில் மருமகள் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"இவன் அஞ்சாவது படிக்கிறப்போ ஜுரத்துல கெடந்தானே, ஞாபகம் இருக்கா? மூணு நாள் கண்ணு மூடாம தலைமாட்டுல உக்காந்திருக்கேன். கண்ணத் தொறந்தா சித்தி எங்கங்கறான். பொலம்பறதும் சித்திதான். பெத்தவ நான் இருக்கேன். அது உள்ளயே கெடந்துச்சு. உன் குஞ்சுங்க செத்துப்போன அன்னைக்கு வெளிய வந்துடுச்சு. சொன்னப்புறம் நாக்க அறுத்துப் போட்டுக்கலாம்னு இருந்துச்சு. ஆனா உன்கிட்ட வந்து சொல்ல வாய் வரல."

சின்னவள் தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அந்தப் பையன் எச்சில் ஒழுகத் தன் மடியில் தூங்கினது நினைவுக்கு வந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி வெகுநேரம் ஓடும். அவன் பள்ளிக்கூடச் சட்டை முதற்கொண்டு அதில்தான் வந்தது. இதை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"வாங்கக்கா, வீட்டுக்குப் போகலாம்," என்றாள். "நான் பார்த்துக்கறேன்."

பெரியவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் சாம்பல் ஏறிக் கறுத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"முடியாதுடி. டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ விழுந்தா அவ்வளவுதான். அங்க மழை பேஞ்சா ஒரு அடி வைக்க முடியுமா, நீயே சொல்லு. அன்னைக்கு இவன் உன்கிட்ட வந்து கேட்டப்போ உடம்புல தெம்பு இருந்துச்சு, பழகியிருப்பேன். இப்ப இல்ல."

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

"நானும் கேட்டிருக்கணும். ரெண்டு பேருக்கும் திமிரு. விடு."

மத்தியானம் சின்னவள் கொண்டுவந்த முட்டையை மருமகள் வேக வைத்துக் கொடுத்தாள். பெரியவள் இரண்டு முட்டை தின்றாள், சோறும் கேட்டு வாங்கித் தின்றாள். மருமகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற வரை இருவரும் பேசினார்கள். பேச ஒன்றும் இல்லாதபோதும் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது பெரியவள், கறுப்பியை இனிமேல் அடைக்கு வைக்காதே, அதற்கும் வயசாகிறது என்றாள். அடுத்த மாசம் வருகிறேன் என்றாள் சின்னவள். லிஃப்ட் வேண்டாமென்று படி வழியாகவே இறங்கினாள். முட்டி வலித்தது. மாடிக்கு மாடி நின்று நின்றுதான் இறங்க முடிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்தாள். பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடாத ஜாதி. எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"எங்க அக்காவைப் பார்த்துட்டு வர்றேன்."

"கூடப் பொறந்தவங்களா?"

சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இல்லம்மா. கூட இருந்தவங்க."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியதோ என்னவோ, அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக ஆளை இறக்கிவிட்டுக்கொண்டு போனது. காய்கறிக்கூடைக்காரியும் இறங்கிப்போனாள். சின்னவள் இறங்கியபோது தெருவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். மரத்தடி இருட்டிவிட்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் கூண்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுப் போயிருந்தார். கோழிகள் கட்டையில் ஏறி அடங்கிவிட்டன. ஒன்றிரண்டு மட்டும் தூக்கத்தில் முனகின.

இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வேண்டிய ஆளைத்தான் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலி தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, கூண்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பலகைக்கு அடியில் கோழிகளின் உடம்புச் சூடு உள்ளங்கைக்கு லேசாகத் தெரிந்தது. பனி இறங்க ஆரம்பிக்கிற வரை அவள் கையை எடுக்கவில்லை.